ஐம்பது வெள்ளி வரைந்து வா

வெள்ளிக்கிழமைக்குள் பணம் அடித்துக்கொண்டு வரவேண்டும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உத்தரவு. ஒரு வெள்ளியில் பத்துத் தாள், ஐந்து வெள்ளியில் பத்துத் தாள், அப்படியே பத்து, இருபது, ஐம்பது, நூறு. இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நிறம் அசலைப் போலவே இருக்க வேண்டும். லேமினேட் செய்தால் இன்னும் சிறப்பு. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் புலனக் குழுவில் இரவு ஒன்பதரைக்கு வந்த அறிவிப்பு இது. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். கைகூப்பிய பொம்மைகள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்துச் சனத்துக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. கேட்டவன் பெயரைக் கிராணி தனியாகக் குறித்துக்கொண்ட காலத்துப் பயம் இன்னும் இறங்கவில்லை.

சரி, கணக்குப் பார்ப்போம். கணிதப் பாடம்தானே. வகைக்குப் பத்துத் தாள் என்றால் மொத்தம் 1,860 வெள்ளி. பிள்ளையின் அப்பாவுக்கு அரசாங்கம் 2025-இல் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. செம்பனைக் குலையை அண்ணாந்து வெட்டி, மட்டையை இழுத்து அடுக்கி, உதிரிப் பழத்தைக் குனிந்து பொறுக்கி, முதுகு ஒத்துழைத்தால் மாதக் கடைசியில் கையில் விழுவது அது. பிள்ளை கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் அப்பனை 160 வெள்ளி முந்திவிட்டது. பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்க நினைத்தது வேறாக இருக்கலாம். பிள்ளை கற்றுக்கொண்டது இதைத்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓர் ஏ4 தாளில் நாலு நோட்டு அடங்கும். அறுபது நோட்டுக்குப் பதினைந்து தாள். முன்னும் பின்னும் முப்பது பக்கம். வண்ண அச்சுக்குப் பக்கம் ஒரு வெள்ளி என்று வையுங்கள். முப்பது வெள்ளி. லேமினேட் தனி. செல்லாத பணம் 1,860 செய்ய, செல்லுகிற பணம் முப்பது காலி. 1,700-ஐ 26 நாளுக்கு வகுத்தால் நாள் கூலி 65 வெள்ளி சொச்சம். ஆக அப்பனின் அரை நாள் வெட்டு ஃபோட்டோஸ்டாட் கடைக்குப் போயிற்று. அரசாங்கம் ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைக்குப் பள்ளி உதவி என்று 150 வெள்ளி கொடுக்கிறதே, அதில் ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் போலிப் பணமாக மாறிவிட்டது. பண மதிப்பிழப்பு என்பதைப் பத்து வயதுக்குள் இவ்வளவு தெளிவாக எந்த நாட்டுப் பாடத்திட்டம் சொல்லிக்கொடுக்கும்?

இந்த நாட்டில் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நாணயத் தாளின் படத்தை அச்சிட வேண்டுமானால் பேங்க் நெகாராவின் அனுமதி வேண்டும். கள்ளநோட்டு அடித்தால் தண்டனைச் சட்டம் 489ஏ பிரிவு. 20 ஆண்டு வரை சிறை. விளையாட்டுப் பணத்துக்கு யாரும் விலங்கு மாட்டப்போவதில்லை, ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் குற்றம் என்பதெல்லாம் சரி. ஆனால் ‘அசலைப் போலவே’ என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதே தண்டனைச் சட்டத்தின் 82-ஆம் பிரிவு, பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்வது எதுவும் குற்றமாகாது என்கிறது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு வயது ஒன்பது. நாட்டிலேயே பணம் அடிக்க ஆகப் பாதுகாப்பான ஆளைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். தற்செயலாக இருக்கும். நம் நிர்வாகத்தில் புத்திசாலித்தனம் எப்போதும் தற்செயலாகத்தான் நடக்கிறது.

பல நவீன வண்ண நகல் இயந்திரங்கள் நோட்டைக் கண்ணாடியில் வைத்த உடனே அடையாளம் கண்டு நகல் எடுக்க மறுத்துவிடும். அப்படி உள்ளேயே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இயந்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பதவி உயர்வு கொடுத்துப் பாடத்திட்டப் பிரிவில் உட்கார வைக்கலாம்.

ஆசிரியையைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் திட்டமாட்டேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் எடுத்தார்கள். பிள்ளைகளின் பாரம் குறைந்தது என்று மேடையில் சொன்னார்கள். பாரம் ஆவியாகிப் போகவில்லை. வகுப்புசார் மதிப்பீடு என்ற பெயரில் ஆசிரியையின் மேசையில் வந்து உட்கார்ந்தது. பிள்ளைக்குக் கூட்டல் தெரியும் என்று அவர் சொன்னால் போதாது, சான்று வேண்டும். சான்று என்றால் படம். படம் என்றால் பளபளப்பு. பொத்தானையும் புளியங்கொட்டையையும் வைத்துக் கடை விளையாட்டு நடத்தினால் பிள்ளை நன்றாகக் கற்றுக்கொள்ளும், ஆனால் படத்தில் எடுபடாது. மணிலா அட்டையில் நூறு வெள்ளி ஊதா நிறத்தில் மின்னினால் கல்வி அலுவலகத்து அதிகாரி தலையாட்டுவார். அந்த ஆசிரியை பாவம். மேலிருந்து கேட்கிறார்கள், கீழே தள்ளுகிறார். அவருக்குக் கீழே பிள்ளை. பிள்ளைக்குக் கீழே, ராத்திரி பதினொன்றுக்குக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கும் அம்மா.

அந்த அம்மா வெட்டுகிற ஐம்பது வெள்ளித் தாளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான். பின்பக்கம் துங்கு, பக்கத்தில் செம்பனை. இந்தச் செம்பனையை நாட்டில் முதன்முதலாக வணிக அளவில் நட்ட இடம் எது? வேறெங்கும் போக வேண்டாம். இதே கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டம். 1917. நட்டவர் ஹென்றி ஃபாக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் மண்வெட்டி பிடித்தாரா, குழி வெட்டினாரா, தண்ணீர் சுமந்தாரா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்த நாட்டுத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. மரம் நோட்டில் ஏறிவிட்டது. நட்டவர் இலக்கியத்தில் ஏறிவிட்டார். தோண்டியவனின் கொள்ளுப்பேத்தி அந்த மரத்துக்கு இப்போது பச்சைப் பென்சில் தீட்டிக்கொண்டிருக்கிறாள், மதிப்பெண்ணுக்காக.

பள்ளிக்கூடத்துக்குப் பணம் அடிப்பது புதிது என்று நினைக்காதீர்கள். சிற்றுண்டி தினம் என்று ஒன்று வரும். பத்து வெள்ளிக் கூப்பன் புத்தகம் பிள்ளைப் பையில் வீட்டுக்கு வந்துவிடும். வாங்கினால் என்ன வாங்காவிட்டால் என்ன என்று பேச்சு இருக்கும். வாங்காத பிள்ளையின் பெயரும் இருக்கும். தலைமையாசிரியர் முத்திரை குத்திய அந்தக் கூப்பன் அன்றைக்குக் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை, அந்தத் திடலில் மட்டும் செல்லும். மீகோரேங் பதினோரு மணிக்கே தீர்ந்துவிடும். கையில் மூன்று வெள்ளிக் கூப்பன் மிஞ்சும். ‘திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கொக்கோஸ் தீவில் குளூனிஸ்-ரோஸ் குடும்பம் இதைத்தான் செய்தது. தேங்காய்த் தோட்டத்து மலாய்த் தொழிலாளிக்குப் பிளாஸ்டிக் காசில் கூலி. அந்தக் காசு முதலாளியின் கடையில் மட்டும் செல்லும். உலகமே காறித் துப்பி, 1978-இல் ஆஸ்திரேலியா அந்தத் தீவுகளை விலைக்கு வாங்க வேண்டி வந்தது. நம் பள்ளியில் அதற்குப் பெயர் நிதி திரட்டு விழா.

செல்லாத பணத்தை நம்பிக் கெடுவதில் நமக்குப் பரம்பரைப் பழக்கம் உண்டு. தாத்தா காலத்தில் ஜப்பான்காரன் வாழைமரம் போட்ட பத்து வெள்ளி அடித்தான். கடைசிக் காலத்தில் அடித்த தாள்களில் வரிசை எண்கூட இல்லை, எழுத்து மட்டும். அந்தத் தாளில் நாளைக்கு ஒரு வெள்ளி தருவதாகச் சொல்லித்தான் தோட்டத்துத் தமிழர்களைச் சயாம் மரண ரயிலுக்கு ஏற்றினார்கள். பெரும்பாடு பட்டுத் திரும்பி வந்தவன் மடியில் கட்டிக்கொண்டு வந்தது 1945 செப்டம்பரில் வெறும் தாள். வெள்ளைக்காரன் திரும்பி வந்து, செல்லாது என்று ஒரு வரியில் முடித்துவிட்டான். அப்பா காலத்தில் 555 நோட்டுப் புத்தகம். கடைக்காரர் எழுதியதே கணக்கு. சம்பளம் லயத்து வாசலைத் தாண்டுவதற்கு முன்பே கடைக்கும் கள்ளுக்கடைக்கும் பிரிந்துவிடும்.

அடுத்து மைக்கா. இதை மட்டும் நான் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. 1982-இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ். இந்தியர் பொருளாதாரம் எழப்போகிறது என்றார்கள். 66,000-க்கும் மேற்பட்டவர்கள் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். தாலிக்கொடியை அடகு வைத்துப் போட்ட தோட்டத்துப் பெண்கள் அதில் உண்டு. 1990-இல் டெலிகாம் பங்கு ஒரு கோடி ஒதுக்கப்பட்டது. மைக்காவுக்கு வந்தது பத்து லட்சம். மிச்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்கு. விசாரித்தார்கள். யார் மீதும் வழக்கு வரவில்லை. 2010-இல் ஒரு தொழிலதிபர் வந்து பங்குக்கு 80 காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒரு வெள்ளி போட்டு இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்தவனுக்கு 80 காசு. அதுவே பெரிய மனசு என்று நன்றி சொல்ல வைத்தார்கள். அந்தப் பங்குப் பத்திரம் நல்ல தாள். அழகான எழுத்து. முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. மூன்றாம் ஆண்டுப் பிள்ளை எவ்வளவு முயன்றாலும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியாது. 1960-இல் சம்பந்தன் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இதே தோட்டத்துச் சனம்தான் மாதம் பத்து வெள்ளி கட்டியது. அதில் தோட்டமே வாங்கினார்கள். ஆக, சனத்துக்குப் பணம் சேர்க்கத் தெரியாது என்று யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

இத்தனை இருந்தும், போலிப் பணச் செய்கைத் திட்டத்தில் நூற்றுக்கு நூறு யாருக்கு என்றால் நான் மாதிரிக் காசோலைக்குத்தான் போடுவேன்.

நாலடி நீளம், இரண்டடி அகலம் இருக்கும். நுரை அட்டை. இடது மூலையில் ஒய்.பி. சிரிக்கிறார், அவர் தலை தொகையைவிடப் பெரிது. பள்ளியின் பெயர் இருக்கும் இடத்தில் ஓர் ஒட்டுத் தாள். சுரண்டிப் பார்த்தால் அடியில் போன வாரத்துப் பள்ளி இருக்கும். கணக்கு எண் கிடையாது. கையெழுத்து அச்சிலேயே வந்துவிடும். இதை ஐந்து பேர் பிடிப்பார்கள். ஒய்.பி. நடுவில். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், மேலாளர் வாரியத் தலைவர் ஆளுக்கொரு பக்கம். தலைமையாசிரியர் ஓரத்தில் இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு நிற்பார், அது சுடுவதைப் போல. முன்னால் வெள்ளைச் சட்டையில் இரண்டு பிள்ளைகள். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று காத்திருந்த பிள்ளைகள். மாலை, பொன்னாடை, பத்திரிகைக்குப் படம். வண்டி கிளம்பும். அட்டை சாமான் அறைக்குப் போகும், முந்தைய அட்டைகளுக்கு முன்னால்.

சில அட்டைகள் பிறகு பணமாக வருகின்றன. இல்லை என்று சொல்லமாட்டேன். சில அட்டைகள் பாதியாக வருகின்றன. சில, விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்ற கடிதமாக வருகின்றன. சில அட்டைகளாகவே இருக்கின்றன. பிள்ளை செய்யும் ஐம்பது வெள்ளித் தாளில் ‘மாதிரி’ என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்ல வேண்டும் என்கிறார்கள் அறிந்தவர்கள். நியாயம்தான். மாதிரிக் காசோலையில் ‘மாதிரி’ என்று போட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வட்டாரம் அதற்குப் பல்கலைக்கழகம். 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர் காலமானார். இடைத்தேர்தல். அந்தக் குண்டும் குழியுமான சாலைகளுக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தார் வந்தது. விளக்குக் கம்பம் முளைத்தது. செத்தவர் உயிரோடு இருந்த வரை வராத ஒளி. தேசிய முன்னணி வென்றது. அடுத்த ஆண்டே அதே ஈஜோக் எதிர்க்கட்சியை வெல்ல வைத்து மாநிலத்துக்கு மந்திரி புசாரையும் கொடுத்தது. தார் வாங்கிக்கொண்டு வாக்கை மாற்றிப் போட்டார்கள், மகராசன்கள். 2010-இல் பக்கத்து உலு சிலாங்கூரில் நாடாளுமன்ற இடைத்தேர்தல். ராசா பட்டணத்துச் சீனப் பள்ளிக்கு முப்பது லட்சம் வெள்ளி என்றார் அன்றைய பிரதமர் நஜிப். ஞாயிற்றுக்கிழமை வெற்றி கொடுத்தால் மறுநாள் காசோலைக்கு ஏற்பாடு என்பது உடன்படிக்கை. ஒளிவுமறைவு இல்லை, மேடையில் சொன்னதுதான். வென்ற ம.இ.கா. வேட்பாளர் பிறகு துணைக் கல்வி அமைச்சரும் ஆனார். ஆட்சி மாறியது. கூட்டணி மாறியது. அட்டையின் நிறம் மாறியது. நீளம் அதே நாலடி.

இதற்கு நடுவில், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்று ஐந்து தோட்டத்து 245 குடும்பங்கள் ஒரு வீட்டுக்காக இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தன. வீட்டுக்கும் நாலடியில் மாதிரிச் சாவி செய்யத் தெரிந்த நாடு இது. அந்தச் சாவி நுழையும் பூட்டைத்தான் செய்யத் தெரியவில்லை.

கடையில் விற்கும் போலிப் பணத்திலேயே யோக்கியமானது சீனர்களின் நரக நோட்டு. பேய் மாதம் வந்தால் புக்கிட் ரோத்தான் மளிகைக் கடையிலும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். கோடிக் கணக்கில் மதிப்பு. எந்த வங்கியில் செல்லும், யாருக்கு உரியது எல்லாம் மேலேயே எழுதியிருக்கும். செத்தவனைக்கூட அதில் ஏமாற்றுவதில்லை. 2017 பிப்ரவரியில் டில்லி சங்கம் விகாரில் ஒரு வங்கியின் ஏ.டி.எம். இரண்டாயிரம் ரூபாய்க்குப் பதிலாக ‘சில்ட்ரன் பேங்க் ஆஃப் இந்தியா’ என்று அச்சிட்ட விளையாட்டு நோட்டைத் துப்பியது. பண மதிப்பிழப்பு முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைகளின் நோட்டு பெரியவர்களின் வங்கிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதையும் சேர்த்துப் பார்த்தால், ‘அசலைப் போலவே’ என்று கேட்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிள்ளைகள் பணம் செய்தே ஆகவேண்டும் என்றால் எனக்கு ஒரு யோசனை. தமிழ்நாட்டில் ஐந்தாவது தூண் என்ற அமைப்பு 2007-இல் பூஜ்ய ரூபாய் நோட்டு அச்சடித்தது. காந்தி படம் உண்டு. லஞ்சம் வாங்கமாட்டேன், கொடுக்கமாட்டேன் என்ற உறுதிமொழி உண்டு. அதிகாரி கை நீட்டினால் அதைக் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் பூஜ்ய வெள்ளி செய்யட்டும். அட்டையோடு வரும் ஒவ்வொரு பிரமுகருக்கும் மாலையோடு சேர்த்து ஒன்று கொடுக்கட்டும். படமும் எடுத்துக்கொள்ளலாம். சான்றுக்குச் சான்று.

கணக்குப் பயிற்சி வேண்டுமென்றாலும் தாள் வெட்டத் தேவையில்லை. நாளிதழைத் திறந்தால் போதும். எஸ்.ஆர்.சி. வழக்கில் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு 2020-இல் முன்னாள் பிரதமருக்குப் 12 ஆண்டு சிறை, 21 கோடி வெள்ளி அபராதம். 2024-இல் மன்னிப்பு வாரியம் சிறையை ஆறு ஆண்டாக்கியது. அபராதத்தை ஐந்து கோடியாக்கியது. சிறைக்கு வகுத்தல், அபராதத்துக்குக் கழித்தல். இரண்டு பாடம் ஒரே வரியில் முடிந்தது. கத்தரிக்கோலும் வேண்டாம், முப்பது வெள்ளியும் மிச்சம்.

இன்னும் ஒன்று வேண்டுமா? மூன்றாம் ஆண்டுக்கான பிரச்சினைக் கணக்கு, இலவசமாகத் தருகிறேன்.

ஓர் ஒய்.பி. ஒரு தமிழ்ப்பள்ளிக்கு 50,000 வெள்ளிக்கு மாதிரிக் காசோலை கொடுத்தார். பந்தலுக்கு 1,200 வெள்ளி, மாலைக்கும் பொன்னாடைக்கும் 350 வெள்ளி, விருந்துக்கு 1,500 வெள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம் செலவழித்தது. பணம் அடுத்த ஆண்டு வரும் என்றார்கள். அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. அவரும் வந்தார், புது அட்டையோடு. பள்ளியின் கையிருப்பு கூடியதா, குறைந்ததா? எவ்வளவு? செய்வழியைக் காட்டுக. (4 புள்ளி)